களியில் நூறு நாற்று

வாப்பாவின் மய்யித்தைக் குளிப்பாட்டக் கொல்லையில் இடம் போதவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள் இஃபாத். மொத்தம் பதினொன்று. எல்லாம் இடுப்பளவு உயரம். மேலே நாற்றைப் போட ஒரு புனல், கீழே பறவையின் அலகு போல மூடித் திறக்கும் இரண்டு தகடுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருந்தது. ஏழாம் எண்ணின் அலகில் காய்ந்த சேறு இன்னும் அப்பியிருந்தது.

"இங்க குடு, நான் போடுறேன்," என்றார் தமீம் அன்சாரி. உம்மாவின் தம்பி, அவளுக்கு மாமா. பலகையைக் கழுவி நிறுத்திவிட்டு, மறைப்புக்கு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். இஃபாத் கொடுக்கவில்லை. மூன்று மாதமாக வாரத்துக்கு மூன்று முறை வாப்பாவை ஆட்டோவில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த உடம்பு, உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடும் போலிருந்தது. அதனால் காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை.

வாப்பா ஹமீது அன்று விடியற்காலை பாங்கு சொல்லி முடிந்த சற்று நேரத்தில் இறந்துபோயிருந்தார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

கடைசிக் குழாய் பதினோராம் எண். அதை மட்டும் மாமா அவள் கையிலிருந்து வாங்கிப் பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சைக்கிள் பிரேக் பிடிதான் அது. அலகு திறந்து மூடியது.

"இந்த அளவுக்கு நாப்பது ஜோடி தகடு வெட்டி வச்சிருக்கேன்," என்றார். "மூணு நாள் கழியட்டும், வெல்டிங் ஆரம்பிச்சிடுறேன். மச்சான் பேருல சுரக்குடி பொம்பளைங்களுக்குச் சும்மாவே குடுத்துடலாம். அவங்க நடுற ஒவ்வொரு செடிக்கும் அவருக்கு நன்மை போய்ச் சேரும்."

இஃபாத் "ம்" என்றாள்.

உள்ளேயிருந்து நபீசா மாமி கூப்பிட்டார். வாப்பாவின் அக்கா. ஜமாஅத் பதிவேட்டில் எழுத ஆதார் அட்டை வேண்டுமாம், நாளைக்கு மேரியிலும் கேட்பார்களாம். நகராட்சி ஆபீசை மாமி இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப்படி மேரி என்றுதான் சொல்வார். வாப்பாவின் மேசை இழுப்பறையில் தேடச் சொன்னார்.

இழுப்பறையில் அட்டை மேலாகவே இருந்தது. அதற்கடியில் வாப்பாவின் நீண்ட நோட்டுப் புத்தகம். இஃபாத் அட்டையை மாமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து நோட்டை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹமீது பதினெட்டு வருடம் ஜுபைலில் ஓர் எண்ணெய் ஆலையில் குழாய் பொருத்தும் வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் சர்க்கரை வியாதியோடும் பாதி செயலிழந்த சிறுநீரகத்தோடும் ஊர் திரும்பினார். வந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவரைப் பார்க்கச் சுரக்குடிக்குப் போனவர், நெல் அறுத்த வயலில் கத்தரி நட்டுக்கொண்டிருந்த பெண்களை வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம், ஒரு பெண் அந்த ஒரு மணி நேரத்தில் முந்நூறு தடவைக்கு மேல் குனிந்தாள், தான் எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார்.

குனியாமல் நடும் கருவி கடைகளில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விலைக்கு அந்தப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட மாட்டார்கள். ஐந்து நாள் கூலிக்கு மேல் போனால் அது அவர்களுக்கான சாமான் இல்லை என்பது ஹமீது போட்டுக்கொண்ட கணக்கு. அந்த வரம்புக்குள் அடக்கத்தான் பிவிசி குழாய், பழைய சைக்கிள் பிரேக், மாமாவின் கிரில் பட்டறையில் மிஞ்சும் தகடு என்று தேடித் தேடிச் சேர்த்தார். சென்னையில் கார் இருக்கைகளுக்கான பாகங்களை வரையும் வேலையில் இருந்த இஃபாத், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு அலகின் சரிவையும் தகட்டின் கனத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவாள். ஒவ்வொரு குழாயையும் அந்த நடவுப் பெண்களில் ஒருவரான சுரக்குடி செல்லம்மாதான் வயலில் வைத்து நட்டுப் பார்ப்பார். அவர் சொல்லும் குறையை வாப்பா நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த குழாயைச் செய்வார். நாலாவது குழாய் கனம் என்றார் செல்லம்மா, ஐந்தாவது இலேசானது. எட்டாவதில் நாற்று பாதியில் சிக்கிக்கொள்கிறது என்றார், ஒன்பதாவதின் வாய் அகன்றது.

பதினோராவதை ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சோதனைக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பரிந்துரைத்தால் மானியப் பட்டியலில் சேர்க்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்குள் வாப்பா படுத்துவிட்டார். இஃபாத் மடிக்கணினியோடு ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினாள்.

அறிக்கை அவளுடைய மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. டயாலிசிஸ் அறைக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து போனில் படித்தாள். களிமண் வயலில் நட்ட நூறு நாற்றில் அறுபத்தாறு நின்றன. முப்பத்து நான்கு சாய்ந்துவிட்டன, அல்லது அலகில் ஒட்டிய மண்ணோடு மேலே வந்துவிட்டன. களிமண் நிலங்களுக்குப் பரிந்துரைக்க இயலாது. கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். அந்த வாரம்தான் டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, ஒரு வாரமோ பத்து நாளோ என்று சொல்லியிருந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வாப்பா கேட்டார், "வந்துச்சாம்மா?"

"வந்துச்சு வாப்பா. பாஸ் பண்ணிட்டாங்க."

அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். வீடு நெருங்கும்போது, "உம்மாகிட்ட நீ சொல்லாதே. நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

பத்து நாள் என்ற டாக்டரின் கணக்கு தப்பியது. வாப்பா ஐம்பத்திரண்டு நாள் இருந்தார். அந்த ஐம்பத்திரண்டு நாளும் மதியத்தில் நன்றாகத் தூங்கினார். டிவி பார்த்தார். படுத்தபடியே மாமாவைப் போனில் கூப்பிட்டுத் தகடு வெட்டச் சொன்னார். வந்தவர்களிடமெல்லாம் வேலை முடிந்தது என்று சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதியை இஃபாத் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து, செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது நோட்டில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்தாள். தேதி, அறிக்கை வந்ததற்கு முந்தைய நாள். பென்சிலில் அலகு பக்கவாட்டில் வரையப்பட்டிருந்தது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மெல்லிய கோடு, பாதியில் நின்றிருந்தது. கீழே வாப்பாவின் சாய்ந்த கையெழுத்து: "களியில் ஒட்டுது. வழித்து விட ஒரு நாக்கு? செல்லம்மாகிட்ட கேட்கணும்."

அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததும். இஃபாத் கடைசி அட்டை வரைக்கும் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள்.

தார்ப்பாய்க்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நோட்டை இழுப்பறையிலேயே வைத்து மூடினாள்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கொஞ்சம் கூடியது. கஃபன் துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிய வாப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். உம்மா உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். இத்தா முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும், இனி அவர் அந்த வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்.

வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றிருந்த பெண்ணை இஃபாத்தான் முதலில் பார்த்தாள். சேலைக்கு மேல், வலிக்குக் கட்டும் அகலமான இடுப்புப் பட்டை. எந்தப் பக்கம் ஆண்கள், எந்தப் பக்கம் பெண்கள் போவது என்று தெரியாமல் நின்றிருந்தார் செல்லம்மா.

"வாங்கக்கா," என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். செல்லம்மா வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். கும்பிடலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு கைகளைச் சேலைத் தலைப்புக்குள் கோத்துக்கொண்டு நின்றார். ஓதுவது நின்றுவிடக் கூடாது என்பதுபோல ஓசைப்படாமல் பின்னால் நடந்து வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நிழல் இருந்தது. இஃபாத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செல்லம்மா குடித்துவிட்டு, தமீம் பாய் போன் செய்ததும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்ததாகச் சொன்னார். கூட நடும் மற்றவர்களும் வருவதாக இருந்தார்களாம், நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டுமென்று நிறுத்திவிட்டு வந்தாராம். வியாழக்கிழமை நடவு என்றும், நாற்றுக்கு இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது, இனித் தாங்காது என்றும் சொல்லிவிட்டு, சாவு வீட்டில் இதைப் பேசியிருக்கக் கூடாதோ என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, அது களியில ஒட்டுதா?" என்று இஃபாத் கேட்டாள்.

செல்லம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒட்டும்."

"வாப்பாகிட்ட சொன்னீங்களா?"

"பொங்கலுக்கு முந்தியே சொன்னேம்மா. நேர்ல வந்து பாக்குறேன்னாரு. ஒடம்பு முடியல, வரல. அப்புறமா நானே போன் பண்ணேன். கெவர்மென்டுல பாஸ் பண்ணிட்டாங்க, கைப்பழக்கம்தான், போகப் போகச் சரியாயிடும்னாரு. சரி, நமக்குத்தான் பிடிக்கத் தெரியல போலருக்குன்னு விட்டுட்டேன்."

உள்ளே யாரோ சாம்பிராணி போட்டிருக்க வேண்டும். புகை சந்துவரை வந்தது.

"பாஸ் ஆகலக்கா," என்றாள் இஃபாத். "நூத்துக்கு முப்பத்து நாலு நிக்கலன்னு எழுதியிருந்தாங்க. நான்தான் வாப்பாகிட்ட மாத்திச் சொன்னேன்."

செல்லம்மா கையிலிருந்த தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரைச் சுவரோரம் ஊற்றினார்.

"அவருக்குத் தெரியாதா?"

"கடைசி வரைக்கும் தெரியாது."

"அதான் அன்னிக்கு போன்ல அவ்வளவு சந்தோஷமா பேசுனாரு." தம்ளரை அவளிடம் நீட்டினார். பிறகு, கோபமோ குறையோ இல்லாத குரலில், "ஆறு வருசத்துல நான் சொல்லி அவரு கேக்காம விட்டது அது ஒண்ணுதாம்மா," என்றார்.

இஃபாத் தம்ளரை வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செல்லம்மா அவளைத் திட்டியிருந்தாலும் சரி, நல்லதுக்குத்தானே செய்தாய் என்று தேற்றியிருந்தாலும் சரி, அதைப் பற்றிக்கொண்டு அழுதிருப்பாள். செல்லம்மா இரண்டும் செய்யவில்லை. இடுப்புப் பட்டையைத் தளர்த்தி மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார்.

அஸர் நெருங்கும்போது மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக் வந்தது. முகம் பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று நபீசா மாமி குரல் கொடுத்தார். உம்மா அறை வாசல்வரை வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இஃபாத் குனிந்து வாப்பாவின் நெற்றியைத் தொட்டாள். நெற்றி குளிர்ந்திருந்தது. அந்த ஐம்பத்திரண்டு நாள் முகமே இப்போதும் இருந்தது. இன்னொரு முறை தொடக் கை நீட்டினாள். அதற்குள் மாமா முகத்தை மூடிவிட்டார்.

ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு கலிமா சொல்லியபடி தெருவில் இறங்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். தெரு திரும்பும் இடத்தில் கூட்டம் மறைந்தது. குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு பஸ் ஹாரன்களில் அதுவும் கலந்துவிட்டது.

கூடத்தில் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். செல்லம்மா போவதற்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இஃபாத் கூடவே போனாள். சந்து முனையில் செல்லம்மா நின்றார்.

"ஒட்டுனா நான் என்ன செய்வேன்னு அவருகிட்ட காட்டணும்னு நெனச்சிருந்தேன். நீ பாத்துக்க."

வெறுங்கையை முன்னால் நீட்டி, இல்லாத குழாயைப் பிடித்து மண்ணில் ஊன்றினார். புனலில் நாற்றைப் போட்டார். பிடியை அழுத்தினார். தூக்கவில்லை. மணிக்கட்டை இலேசாகத் திருப்பினார், பிறகுதான் தூக்கினார்.

"நேரா இழுத்தா செடியும் கூட வந்துடும். இப்படி ஒரு திருப்பு திருப்புனா மண்ணு விட்டுடுது. எல்லாம் நிக்காது, ஆனா முக்காவாசி தப்பிச்சிடும். என்ன, நாளு பூரா திருப்புனா மணிக்கட்டு விட்டுப்போவுது. மத்தவளுங்க முடியலங்கிறாளுங்க."

"எந்தப் பக்கமா திருப்புவீங்க?"

"இடப்பக்கம்."

"எவ்வளவு?"

செல்லம்மா மறுபடி செய்து காட்டினார். கடிகார முள்ளில் ஐந்து நிமிடம் நகரும் அளவுகூட இல்லை. இஃபாத் எதிரில் நின்று தன் கையாலும் அதைச் செய்தாள். சரியில்லை என்று செல்லம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் குறைத்துத் திருப்பினார். துக்கம் விசாரிக்க வந்த இரண்டு பெண்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள், ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். இஃபாத் நான்கைந்து முறை செய்தாள். ஐந்தாவது முறை கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கையை நிறுத்தவில்லை. செல்லம்மா அவள் மணிக்கட்டை விடவில்லை.

"நான் வரட்டுமா," என்றார் பிறகு. "விட்டா அடுத்த பஸ் ஆறரைக்குத்தான்."

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. மாமா கொல்லைக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். இஃபாத் துண்டோடு போய் நின்றாள்.

"மாமா, அந்தத் தகடை வெல்டிங் பண்ண வேணாம்."

"ஏன்?"

"வாப்பா இன்னும் முடிக்கல."

"முடிச்சிட்டேன்னு என்கிட்டயே சொன்னாரே."

"நான் சொன்னத நம்பிச் சொன்னாரு."

மாமா குழாயை மூடினார். ஈரக் காலோடு அங்கேயே கல்லில் உட்கார்ந்து, துண்டை வாங்கி முகத்தில் போட்டுத் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை. அவள் அறிக்கையில் இருந்ததைச் சொன்னாள், நோட்டில் பார்த்ததைச் சொன்னாள். துண்டுக்குள்ளிருந்து, வெட்டிய நாற்பது ஜோடியையும் என்ன செய்வது என்று கேட்டார். நடுவில் நாக்கு வைக்க இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போகும் என்றாள். அவர் சரி என்றார். உம்மாவிடம் சொல்லாதே என்றோ, சொல் என்றோ அவர் சொல்லவில்லை.

உள்ளறையில் உம்மா பாயில் சாய்ந்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றுத் தட்டு மூடியபடி அருகில் இருந்தது. இஃபாத் வாசலில் நின்றாள்.

"அந்தச் சுரக்குடிக்காரங்க சாப்பிட்டாங்களா?" என்று உம்மா கேட்டார்.

"இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க."

"பசியோட அனுப்பிட்டியே."

இஃபாத் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். அன்று அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "வியாழக்கெழம நான் சுரக்குடிக்குப் போகணும்மா. நடவு இருக்கு."

உம்மா சோற்றுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மூன்றாம் நாள் முடிந்த மறுநாளே வயலுக்குப் போகிற மகளைத் தெரு என்ன சொல்லும் என்று கணக்குப் போடுகிறாரா, அல்லது எதையுமே நினைக்கவில்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கூடத்தில் யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"வெயிலுக்கு முந்தி வந்துடு," என்றார் உம்மா.

பிறகு சுவர்ப் பக்கமாக நகர்ந்து பாயில் இடம் விட்டார். இஃபாத் தலையணை இல்லாமலே படுத்தாள். நபீசா மாமி எட்டிப் பார்த்து, மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் போனார்.